முனி ஏறிய நாற்காலி

எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். முதன்முதலில் காலாட்டியவர் என் மாமா. முதல் செய்தியை அம்மா ஊரெல்லாம் சொல்லுவாள். இரண்டாவதை வீட்டுக்குள்ளே கூடப் பேச மாட்டாள்.

அதுவரை எங்கள் ஊரில் எவர் காலும் சும்மா ஆடியதில்லை. ஆடுவதற்கு அதற்கு நேரம் ஏது? தண்ணீருக்குச் சுனை கீழே இருந்தது, சாமைக் கொல்லை மேலே இருந்தது. சந்தை என்றால் ஜமுனாமரத்தூர். புளி மூட்டையை விற்க வேண்டுமென்றால் தலையில் வைத்துக்கொண்டு ஒற்றையடிப் பாதையில் அமிர்தி வரைக்கும் இறங்க வேண்டும். சாப்பிடும்போது கூடக் குந்திக்கொண்டுதான் சாப்பிடுவார்கள், யாராவது கூப்பிட்டால் சட்டென்று எழுந்துகொள்ளலாம் அல்லவா? பகலில் உட்கார்ந்த நிலையில் இருந்தவர்கள் என்றால் எங்கள் ஊரில் சாமியும் காய்ச்சல்காரர்களும்தான்.

மாமா என் அம்மாவுக்கு ஒரே தம்பி. பெற்றவர்கள் போனபின் எங்கள் வீட்டிலேயே வளர்ந்தவர். பாறை உச்சியில் கொடியைக் கட்டி இறங்கித் தேன் எடுப்பார். அப்பாவோடு ஏர் ஓட்டுவார். அமிர்திக்கு மூட்டை தூக்கிப் போன அன்றைக்கே திரும்பி வந்து, எங்களோடு கந்தல் பந்து உதைப்பார். அவர் உட்கார்ந்து நான் பார்த்தது மொட்டை அடித்துக்கொண்ட அன்று ஒருமுறைதான்.

அப்போது மலைக்குப் பஸ் விட்டு ரொம்ப நாள் ஆகவில்லை. எங்கள் ஊர் ரோட்டோரத்தில் ஒரு கிடங்கு கட்டினார்கள். கடுக்காய், சீயக்காய், புளி, தேன் எல்லாவற்றையும் அங்கேயே வாங்கிக்கொள்வார்களாம். கட்டிடத்தைப் பார்க்க மேனேஜர் கீழேயிருந்து பஸ்ஸில் வந்தார். கனத்த உடம்பு. அவருடைய பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாமா மேட்டில் ஏறினார். மேனேஜர் பாதியில் நின்று மூச்சு வாங்கியபோது, மாமா மேலே போய்ப் பெட்டியை வைத்துவிட்டு, அவரைக் கையைப் பிடித்து ஏற்றிவிட மறுபடியும் கீழே இறங்கி வந்தார். மேனேஜருக்கு அந்தக் கால்கள் மிகவும் பிடித்துப்போயின. அங்கேயே அவரைக் காவல்காரராக எடுத்துக்கொண்டார். கைவைத்த மர நாற்காலி ஒன்றைக் கிடங்கு வாசலில் போட்டு, "இத விட்டு அசையக் கூடாது, தெரியுதா?" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆக, காலுக்காக எடுக்கப்பட்ட ஆளை உட்கார வைத்துவிட்டார்கள்.

மாமா அந்தச் சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டார். உட்கார்வதற்குத்தான் சம்பளம் என்று நம்பினார். அவர் மட்டுமல்ல, ஊரே நம்பியது. கிடங்கில் சரக்கு இருக்கிறதா இல்லையா என்று யாரும் கேட்கவில்லை. மாமா நாற்காலியில் இருக்கிறாரா என்றுதான் பார்த்தார்கள். கூழை நான் கொண்டுபோய் அவர் கையில் கொடுப்பேன். தண்ணீரும் நானே கொடுப்பேன். வெளிக்குப் போக மட்டும் எழுந்துகொள்வார், அதற்கும் என்னை அந்த இடத்தில் உட்காரவைத்துவிட்டுத்தான் போவார்.

வீட்டிலும் விடவில்லை. சாயங்காலம் மண்வெட்டியில் கை வைத்தால் அம்மா ஓடிவந்து பிடுங்கிவிடுவாள். "உக்கார்ற உத்தியோகக்காரன் மண்ணு வெட்டுனா பாக்கறவங்க இன்னா சொல்லுவாங்க? வேல போய்டும்டா." அப்பா தனியாகவே ஏர் ஓட்டினார். வீட்டுக்குள் முனகுவார். சந்தையில் மட்டும் யாரைப் பார்த்தாலும், "மச்சான் நாற்காலியில கீறான்," என்று ஆரம்பித்துவிடுவார்.

இந்தச் சேதி மலைமுகட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த ஊருக்கும் போனது. அங்கிருந்து ஒரு பெரியவர் பெண் கொடுக்க வந்தார். மாமா நாற்காலியில் இருக்கும்போதே அவரைச் சுற்றி ஒருமுறை வந்தார். நாற்காலியின் கையைத் தட்டிப் பார்த்தார். மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்ப்பது போலத்தான் இருந்தது, ஆனால் பார்த்தது மாமாவை அல்ல. பிறகு அம்மாவிடம் வந்து சொன்னார்: "வெயில்ல நிக்காத மாப்பிள்ளைக்குக் குடுக்கணும்னு இருந்தேன். குடுக்கறேன். ஆனா இந்த நாற்காலி இருக்கற வரைக்கும்தான் இந்தப் பேச்சு." தை மாதத்தில் கல்யாணம் என்று முடிவானது. மாமா தலையைக் குனிந்துகொண்டார். அந்தப் பெண்ணை அவர் சந்தையில் பார்த்திருக்கிறார், அவருக்குச் சம்மதம் என்பது எனக்கே தெரிந்தது.

சாமை கதிர் வைத்த சமயத்தில் கால் ஆட ஆரம்பித்தது. முதலில் வலது கால் மட்டும். குதிகாலைத் தூக்கித் தூக்கி வைப்பார். அப்புறம் இரண்டும். நாற்காலி கிரீச் கிரீச் என்று கத்தும். சுனைக்குப் போகும் பெண்கள் விடுவார்களா? "இன்னா மாமா, உக்காந்த எடத்துலயே ஊருக்குப் போறியா?" என்று ஒருத்தி கேட்பாள். "போய்ச் சேந்தா சேதி சொல்லியனுப்பு," என்பாள் இன்னொருத்தி. மாமா பல்லைக் கடித்துக்கொண்டு காலை நாற்காலிக் காலில் பின்னிக்கொள்வார். கொஞ்ச நேரத்தில் அது தானாக அவிழ்ந்து மறுபடியும் ஆடும்.

தூக்கம் போயிற்று. களி இறங்கவில்லை, வயிறு கல் மாதிரி இருக்கிறது என்றார். யார் எது கேட்டாலும் சிடுசிடுத்தார். ஒருநாள் விளக்கு வைக்கும் நேரத்தில் அம்மா அவர் காலைப் பார்த்துவிட்டாள். கணுக்கால் எலும்பே தெரியவில்லை. கட்டைவிரலால் அழுத்திவிட்டு எடுத்தாள். வெந்த களியில் விரல் பதித்தது போலப் பள்ளம் அப்படியே இருந்தது. நாங்கள் எல்லோரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம், அது மேலே எழும்பி வரவே இல்லை.

"அக்கா, எனக்கு இந்த வேல வேணாம்," என்றார் மாமா.

"பொண்ணும் வேணாமா?"

மாமாவின் கால்தான் ஆடியது.

அந்த வாரம்தான் பள்ளிக்கூடத்தில் எங்களுக்கு இருதயப் பாடம். வாத்தியார் கரும்பலகையில் மாங்காய் மாதிரி ஒன்றை வரைந்து, அதிலிருந்து சிவப்புக் கோடு ஒன்றைக் கால்வரை இழுத்து, நீலக் கோடு ஒன்றை மேலே கொண்டுவந்து சேர்த்தார். இருதயம் தள்ளுகிறது, ரத்தம் போகிறது, திரும்புகிறது என்றார். எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. மலையிலிருந்து பஸ் இறங்கும்போது டிரைவர் சும்மா பிடித்துக்கொண்டிருந்தால் போதும். ஏறும்போதுதான் உறுமுகிறது, புகைகிறது, நடுவில் நின்று தண்ணீர் கூடக் குடிக்கிறது. எழுந்து கேட்டேன்: "சார், கீழ போன ரத்தம் மேல எப்படி சார் ஏறும்?"

வாத்தியார் கொஞ்சநேரம் நீலக் கோட்டையே பார்த்தார். "அது ஏறும். நீ உக்காரு," என்றார்.

உட்கார்ந்தேன்.

ஊரில் வேறு விதமாக யோசித்தார்கள். கீழேயிருந்து வந்த நாற்காலி என்ன மரம் என்று யாருக்கும் தெரியாது. அப்பா ஒரு ஓரத்தில் நகத்தால் சுரண்டி மோந்து பார்த்து, வேங்கை என்றார். பக்கத்து வீட்டுக்காரர் நாக்கிலேயே வைத்துப் பார்த்துவிட்டு, புளி என்றார். புளியமரத்தின் அடியில் படுத்தாலே ஆகாது, இவன் மரத்தின் மேலேயே நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறானே என்று எல்லோருக்கும் உடம்பு சிலிர்த்தது. வேடியப்பன் கோயில் பூசாரியைக் கூட்டிவந்தார்கள். அவரும் மாமாவின் காலை அழுத்திப் பார்த்தார். பள்ளத்தைப் பார்த்ததும் கையை உதறிக்கொண்டார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்: புளியமரத்து முனி மரத்தோடு சேர்ந்து அறுபட்டு நாற்காலிக்குள் மாட்டிக்கொண்டிருக்கிறது. மலையைப் பார்க்காமல் தவிக்கிறது. தினமும் பொழுது விடியும்போது, உட்கார்கிறவனே அதைத் தலையில் தூக்கிக்கொண்டு முகட்டில் இருக்கிற வேடியப்பன் கல் வரைக்கும் போய்க் காட்டிவிட்டு வரவேண்டும். வழியில் இறக்கி வைக்கக் கூடாது.

"எத்தினி நாளைக்குங்க?" என்றாள் அம்மா.

"அதுக்குக் கோவம் தீர்ற வரைக்கும்."

மறுநாளே ஆரம்பமாயிற்று. வாசல் காலியாக இருக்கக் கூடாது என்பதால் நாற்காலி திரும்பி வரும்வரை நான் அங்கே காவல். உட்கார ஒரு தகர டின்னைக் கவிழ்த்துப் போட்டார்கள். அங்கிருந்து பார்த்தால் சரிவு முழுவதும் தெரியும். நாற்காலியைக் கவிழ்த்துத் தலையில் வைத்துக்கொண்டு மாமா ஏறுவார். நாலு கொம்பு முளைத்த ஒரு மிருகம் பனிக்குள் ஏறிப்போவது போல இருக்கும். நாய்களுக்குப் பொறுக்காது, குலைத்துக்கொண்டே கூடப் போகும். எனக்கும் பொறுக்காது. நான் மட்டும் ஏன் டின்மேல்? குதிகால் டின்னில் பட்டுப் பட்டு மத்தளம் மாதிரிச் சத்தம் வரும்.

முதல் சில நாள் மாமா மூச்சு வாங்கிக்கொண்டுதான் இறங்கினார். அப்புறம் வேர்வையும் சிரிப்புமாக இறங்கினார். வந்ததும் சட்டி நிறையக் கூழ் குடிப்பார். பகலெல்லாம் நாற்காலியில் பூனை மாதிரி அடங்கி இருப்பார். இராத்திரி படுத்தால் குறட்டை. அம்மா தினமும் அவர் காலை அழுத்திப் பார்ப்பாள். பள்ளம் ஆழம் குறைந்துகொண்டே வந்தது. ஒருநாள் அழுத்திய இடம் விரலோடு கூடவே எழும்பி வந்தது. அம்மா கையெடுத்து மலையைக் கும்பிட்டாள்.

பூசாரி போதும் என்றார். மாமாதான், முனி இன்னும் கொஞ்சம் முணுமுணுக்கிறது என்று சொல்லி நிறுத்தவில்லை. முகட்டில் அவர் மறைந்து திரும்பத் தெரிவதற்கு நாளுக்கு நாள் நேரமாகிக்கொண்டே போனது. வேடியப்பன் கல்லைத் தாண்டி அந்தப் பக்கம் கொஞ்சம் இறங்கினால் ஒரு சுனை இருக்கிறது, அது அந்தப் பெரியவரின் ஊர்ச் சுனை என்பதெல்லாம் எனக்கு அப்போது தோன்றவில்லை. முனி நிறையப் பார்க்க விரும்புகிறது என்றுதான் நினைத்தேன்.

ஒரு சந்தை நாள். பெண்ணின் அப்பா சந்தைக்குப் போகிற வழியில் கிடங்குப் பக்கம் வந்து நின்றார். வாரா வாரம் இப்படி வந்து நாற்காலியைப் பார்த்துவிட்டுப் போவது அவர் வழக்கம். அன்றைக்கு என்னைத்தான் பார்த்தார். என்னிடம் ஏதோ கேட்க வாயைத் திறந்தபோது ரோட்டில் ஒரு ஜீப் வந்து நின்றது. மேனேஜர் இறங்கினார்.

"டேய், வாட்ச்மேன் எங்க?"

நான் டின்னைவிட்டு எழுந்து நின்றேன். பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தபடி உண்மையைச் சொன்னேன். "மாமா நாற்காலியக் கோயிலுக்கு இட்டுனு போயிருக்காரு சார்."

"எதை?"

"நாற்காலிய சார். அதுக்கு மலை பாக்கணுமாம்."

மேனேஜரின் முகம் சிவந்தது. "நான் அசையாதன்னு சொன்னா இவன் நாற்காலியையே அசைச்சிட்டானா? வந்தா சொல்லு, இன்னியோட வேலை இல்லன்னு."

பெண்ணின் அப்பா மேனேஜரைப் பார்த்தார். பிறகு மூட்டையைத் தோள் மாற்றிக்கொண்டார். மாமாவின் கல்யாணம் என் வாயால் போயிற்று என்று மட்டும் எனக்குப் புரிந்தது.

அப்போது முகட்டில் நாலு கொம்பு தெரிந்தது. ஜீப்பைப் பார்த்துவிட்டார் போலிருக்கிறது, மாமா ஓட ஆரம்பித்தார். அந்தச் சரிவில் தேன் சட்டியோடு ஓடினாலும் அவர் விழ மாட்டார். அன்றைக்குப் பயம் வேறு ஓடியது. கடைசி இறக்கத்தில் சரளைக் கல்லில் கால் வழுக்கியது. நாற்காலி முதலில் வந்து சேர்ந்தது. உருண்டு, ஒரு பாறையில் மோதி, ஒரு காலை அங்கேயே விட்டுவிட்டு மேனேஜர் முன்னால் வந்து மல்லாந்தது. மாமா அதற்குப் பிறகுதான் வந்தார்.

சத்தம் கேட்டு அம்மாவும் ஓடிவந்துவிட்டாள். மேனேஜர் கத்துவதற்குள் அவள் முந்திக்கொண்டாள். "சார், நீங்க இன்னா வேணா சொல்லுங்க, ஒரு வார்த்த கேளுங்க. அதுல உக்காந்து உக்காந்து எம் தம்பிக்குக் கால் வீங்கிப்போச்சுங்க. அழுத்துனா குழி விழும். தூக்கம் இல்ல, சோறு இல்ல. மலைக்குத் தூக்கினு போன பெறகுதான் முனி எறங்குச்சு. இந்தா பாருங்க." மாமாவின் காலைப் பிடித்து இழுத்து, கட்டைவிரலால் அழுத்திக் காட்டினாள். தோல் வழுவழுவென்று எழும்பி வந்தது.

மேனேஜர் மெல்ல நடந்து வந்து என் டின்மேல் உட்கார்ந்தார். கால்சட்டையைக் கொஞ்சம் தூக்கி, காலுறையைத் தள்ளிவிட்டு, தன் கட்டைவிரலால் கணுக்கால் மேலே அழுத்தினார். விரலை எடுத்தார். குழி அப்படியே நின்றது.

பெண்ணின் அப்பா என் பக்கம் குனிந்து, "இவரு எத்தினி நாற்காலியில உக்காந்தாரோ," என்றார்.

மேனேஜர் காலுறையை இழுத்துவிட்டுக்கொண்டார். எழுந்தபோது குரல் இறங்கியிருந்தது. "இனிமே உக்கார வேணாம். ஒரு கோல் எடுத்துக்க. கிடங்கச் சுத்திச் சுத்தி வா. அதான் காவல்."

"நாற்காலிங்க சார்?" என்றார் மாமா.

"கால் ஒடிஞ்சத வச்சி இன்னா பண்றது. எடுத்துப் போட்டுடு."

ஜீப்பில் ஏறப் போனவர் நின்று, என்னை மட்டும் பக்கத்தில் கூப்பிட்டார். அந்தக் கல் எங்கே இருக்கிறது என்று கேட்டார். காட்டினேன். சரிவை அடியிலிருந்து முகடு வரைக்கும் கண்ணால் ஏறிப் பார்த்தார். ஒரு பெருமூச்சு விட்டு ஜீப்பில் உட்கார்ந்துகொண்டார்.

வேலை பிழைத்தது. கல்யாணம்தான் ஆட்டம் கண்டது. "சுத்திச் சுத்தி நடக்கற மாப்பிள்ளைக்கு முகட்டத் தாண்டி வரணுமா? எங்க ஊர்ல எல்லாருந்தான் நடக்கறான்," என்று சொல்லிவிட்டுப் போனார் பெண்ணின் அப்பா. அந்த வாரம் முழுக்க மாமா கிடங்கைச் சுற்றிய வேகத்தில் அங்கே ஒரு தடமே விழுந்துவிட்டது. பிறகு அந்த ஊரிலிருந்து சேதி வந்தது. பெண் அவள் அப்பாவிடம் சொன்னாளாம்: "உக்காந்துனே இருக்கறவனக் கட்டுனா அவனுக்கும் சேத்து நான்தான் தண்ணி தூக்கணும். தெனம் ஒரு நாற்காலியச் சுமந்துனு மலையேறி வந்தான் பாரு, அவனுக்கே கட்டிக் குடு." தை மாதத்தில் கல்யாணம் நடந்தது. மாமனாருக்கு மட்டும் மனம் ஆறவில்லை. கடைசி வரைக்கும் மாமாவை "ரோந்து ஆபீசரு" என்றுதான் கூப்பிட்டார்.

உடைந்த நாற்காலியை அப்பா அடுப்புக்குப் பிளக்கக் கோடரி எடுத்தார். அம்மா தடுத்துவிட்டாள். வேங்கைக் கொம்பு ஒன்றை வெட்டிவரச் சொல்லி நாலாவது காலாக அடிக்க வைத்தாள். வீட்டுக்குள் வெளிச்சம் விழுகிற இடமாகப் பார்த்துப் போட்டாள்.

"படிக்கறவன் உக்காரட்டும்," என்றாள்.

எனக்குப் பயம். "முனி?"

"படிக்கறவங்கள அது ஒண்ணும் பண்ணாது. பொஸ்தகம்னா அதுக்கு பயம்."

அன்றிலிருந்து என்னை யாரும் தண்ணீருக்கு அனுப்பவில்லை. ஆடு ஓட்டச் சொல்லவில்லை. கொல்லையில் களை எடுக்கும்போது அப்பாவும் மாமாவும் புது அத்தையும் பேசிச் சிரிப்பது வீட்டுக்குள் வரைக்கும் கேட்கும். நான் எழுந்து வாசலுக்குப் போனால் போதும், "உனுக்கு இன்னா இங்க வேல? போய் உக்காரு," என்பாள் அம்மா. நாற்காலியில் என் கால் தரைக்கு எட்டாது. அந்தரத்தில் ஆடிக்கொண்டே இருக்கும். காலாட்டாதே என்று மாமாவைத் திட்டியவள் என்னைத் திட்டவில்லை.

சாயங்காலம் விளக்கேற்றியபின் அம்மா முறத்தில் சாமையை எடுத்துக்கொண்டு நாற்காலியின் காலடியில் வந்து உட்காருவாள். கொஞ்ச நேரம் கல் பொறுக்குவாள். பிறகு முறத்தைக் கீழே வைத்துவிட்டு, ஆடுகிற என் காலைப் பிடித்து மடியில் வைத்துக்கொள்வாள். கணுக்காலில் கட்டைவிரலை வைத்து அழுத்துவாள். எனக்குக் கூச்சம் தாங்காது. சிரித்துக்கொண்டே காலை இழுப்பேன், விடமாட்டாள். என் அம்மா எனக்குத் தினமும் கால் பிடித்துவிடுகிறாள் என்று பள்ளிக்கூடத்தில் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். வேலூரில் விடுதியில் சேரப் புறப்பட்ட அன்று பஸ் பக்கத்தில், அத்தனை பேர் எதிரில், குனிந்து என் காலைப் பிடித்தாள். வெட்கத்தில் உதறிவிட்டு ஏறிக்கொண்டேன். பிற்பாடு காலேஜில், கெண்டைச் சதை சுருங்கிச் சுருங்கித்தான் ரத்தத்தை மேலே ஏற்றுகிறது, உட்கார்ந்தே இருந்தால் அது நடக்காது என்று படித்தபோது, வாத்தியாரின் நீலக் கோடு நினைவுக்கு வந்தது, நாற்காலியைச் சுமந்த மாமா நினைவுக்கு வந்தார். அம்மாவின் விரல் வரவில்லை.

அந்தச் சாயங்காலங்களில் அவள் அழுத்திய விரலை எடுத்தபின், விளக்கைக் கொஞ்சம் கிட்டே இழுத்து வைத்து, அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். அந்த நேரத்தில் மூச்சுகூட விடமாட்டாள். சதை எழும்பி வந்ததும்தான் என் காலை விட்டுவிட்டு, "படி," என்று சொல்லி முறத்தை எடுத்துக்கொள்வாள். அப்படி என்னதான் பார்க்கிறாள் என்று ஒருநாளும் நான் கேட்கவில்லை.